நண்பர்கள் மட்டும் பேசிக்கொள்ள, சொந்தமாக ஒரு சாட் சர்வர் நடத்த முடியுமா? எந்த மென்பொருள் நல்லது?

முடியும். காரைக்குடியில் ஒன்றாகப் படித்த எங்கள் செட்டில் பாதிப் பேர் இப்போது சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள்; மீதிப் பேர் சென்னை, தேவகோட்டை. அந்தக் கும்பலுக்கு நான்தான் சர்வர் நடத்துகிறேன். நிறுவுவது ஒரு சாயங்கால வேலை. தலைவலி எல்லாம் அதற்கு அப்புறம்தான். அதனால் மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போதே, "இதைப் போட்டால் எனக்கு எத்தனை போன் வரும்?" என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

மையமில்லாத சர்வர் என்றால் என்னவென்று எங்கள் பக்கத்தில் புரியவைப்பது சுலபம். ரங்கூனிலும் பினாங்கிலும் செட்டியார்கள் லேவாதேவி நடத்திய காலத்தில் ஒவ்வொரு கடைக்கும் தனி முதலாளி, தனிப் பேரேடு. ஆனாலும் அங்கே எழுதிய உண்டியலுக்கு, அதாவது பணம் கொடுக்கச் சொல்லும் சீட்டுக்கு, இங்கே பணம் கிடைத்தது. அதே மாதிரிதான், உங்கள் சர்வரில் இருப்பவர் வேறொருவரின் சர்வரில் இருப்பவரோடு பேசலாம். எல்லோருக்கும் பொதுவாக ஒரு கம்பெனி நடுவில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

இப்படி சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பொது மொழிகளில் (நெறிமுறைகளில்) பெரிய பெயர்கள் இரண்டு. ஒன்று 2014-இல் வந்த மேட்ரிக்ஸ். இன்னொன்று 1999-இல் ஜாபர் என்று ஆரம்பித்த எக்ஸ்எம்பிபி.

மேட்ரிக்ஸ் பார்க்க நன்றாக இருக்கும். பிரெஞ்சு அரசாங்கமே தன் ஊழியர்களுக்கு அதன்மேல் ஒரு செயலி கட்டி வைத்திருக்கிறது. ஆனால் ஓர் அறையில் (அதாவது குரூப்பில்) எத்தனை சர்வர்காரர்கள் இருக்கிறார்களோ, அத்தனை சர்வரிலும் அந்த அறையின் வரலாறு நகலாகும். உங்கள் நண்பர் ஒருவர் ஆசைப்பட்டு ஆயிரக்கணக்கானோர் இருக்கும் பொது அறை ஒன்றில் சேர்ந்தால் போதும், அதன் பாரம் உங்கள் தலையில். மேட்ரிக்ஸுக்கான சர்வர் மென்பொருளான சினாப்ஸ், மெமரியையும் டிஸ்கையும் தின்ன ஆரம்பித்துவிடும். இன்னொன்று: 2023 மே மாதம் இந்திய அரசு தடைசெய்ததாகச் செய்தி வந்த 14 செயலிகளில், மேட்ரிக்ஸில் அதிகம் பேர் பயன்படுத்தும் எலிமெண்டும் ஒன்று. வேறு செயலிகள் உண்டு என்றாலும், நண்பர்களுக்கு இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை.

நான் போட்டிருப்பது எக்ஸ்எம்பிபி. அதில் பிராசடி என்ற சர்வர் மென்பொருள், 1 ஜிபி மெமரி உள்ள மலிவு விபிஎஸ்ஸில் (இணையத்தில் வாடகைக்கு எடுக்கும் சர்வரில்) சாவகாசமாக ஓடும். தனித்தனியாகக் கோர்க்கத் தெரியாதவர்கள் ஸ்னிக்கெட்டை எடுங்கள். பிராசடியை எழுதியவர்களில் ஒருவரே எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தது அது. இணைப்பு பாதுகாப்பானது என்று காட்டும் சான்றிதழைத் தானே புதுப்பித்துக்கொள்ளும். நேரடியாக இணைய முடியாதபோது குரல் அழைப்பைக் கடத்திவிடும் டர்ன் சர்வரும் உள்ளேயே இருக்கிறது. நண்பருக்கு ஓர் அழைப்பு இணைப்பு அனுப்பினால், அவர் தட்டிக் கணக்கைத் திறந்துகொள்வார்.

வீட்டிலேயே ராஸ்பெரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினியை வைத்து நடத்தலாமே என்பார்கள். முகப்பில் வைத்தால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் முதலில் உங்கள் ரவுட்டர் பக்கத்தைத் திறந்து வெளிமுகவரியைப் பாருங்கள். அது 100.64-இலிருந்து 100.127-க்குள் ஆரம்பித்தால் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்புறம் எக்ஸ்எம்பிபிக்கு வேண்டிய 5222, 5269 என்று எந்தப் போர்ட்டை (ரவுட்டரின் நுழைவாசலை) நீங்கள் திறந்துவிட்டாலும் அந்த முகவரி வழியாக வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலையில் போகும் கரண்ட் வேறு. இன்வெர்ட்டர் வீட்டைத் தாங்கும், தெருமுனையில் இருக்கும் இணையப் பெட்டியைத் தாங்குமா? சர்வர் விபிஎஸ்ஸிலேயே இருக்கட்டும்.

அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்க முடிகிற எண்ட்-டு-எண்ட் மறையாக்கம் பற்றி நண்பர்களிடம் ஆரம்பத்திலேயே ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுங்கள். எங்கள் குழுவில் ஒருத்தன் கேட்டான்: "டேய், அப்போ நாங்க பேசுறதெல்லாம் நீ படிப்பியா?" நான் சொன்னேன்: "படிக்க முடியாதுடா. ஆனா ராத்திரி ஒரு மணிக்கு நீ யாருக்கு அனுப்புறேன்னு பார்க்க முடியும்." அவன் சிரிக்கவில்லை. உண்மை அதுதான். எக்ஸ்எம்பிபியில் பயன்படும் ஒமெமோ என்ற மறையாக்க முறை உள்ளடக்கத்தைத்தான் பூட்டுகிறது. யார், யாரோடு, எப்போது, எந்த ஐபி முகவரியிலிருந்து என்பதெல்லாம் சர்வர் நடத்துபவர் பார்வையில் இருக்கும். மேட்ரிக்ஸிலும் அப்படித்தான். பெரிய கம்பெனிக்கு உங்களைத் தெரியாது, எனக்கு உங்கள் எல்லோரையும் தெரியும். சிலருக்கு அது கூடுதல் சங்கடம், அதையும் மதிக்க வேண்டும்.

பூட்டு சரியான ஆளுக்குத்தான் போட்டிருக்கிறதா என்பதை நேரில் பார்க்கும்போது சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஊரில் ஒரு கல்யாணத்துக்கு எல்லோரும் வந்திருந்தபோது, அடுத்த பந்திக்குக் காத்திருந்த நேரத்தில் ஒருவர் போனை ஒருவர் நீட்டி, பூட்டின் சாவியை ஒப்பிட கியூஆர் ஸ்கேன் செய்தோம். பின்னால் நின்ற பெரியவர் ஒருவர், "மொய் கட்டுறதுக்கா தம்பி?" என்று கேட்டார். கான்வர்சேஷன்ஸ் என்ற ஆண்ட்ராய்டு எக்ஸ்எம்பிபி செயலியில் ஒருவரை இப்படி ஒரு தடவை சரிபார்த்துவிட்டால், அவர் புதுப் போன் வாங்கும்போது அதன் புதுச் சாவியை நாமே ஒப்புக்கொள்ளும் வரை செயலி நம்பாது. "மெசேஜ் வரலைடா" என்று வரும் புகார்களில் ஒரு வகை இது.

இன்னொரு வகை, ஆண்ட்ராய்டு போன்களின் பேட்டரி சேமிப்பு. பின்னணியில் ஓடும் செயலியை அது கொன்றுவிடும். அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிடச் சொல்லி, முடிந்தால் போனை வாங்கி நீங்களே செய்துவிடுங்கள். மூன்றாவது, பழைய செய்திகள்: ஒமெமோவில் புதுப் போனால் பழையதைப் படிக்க முடியாது. பழைய போனிலிருந்து பேக்கப் எடுத்தாக வேண்டும். இந்த இடத்தில் மேட்ரிக்ஸ் மேல். மீட்புச் சாவியைத் தொலைக்காமல் வைத்திருந்தால் சாவி பேக்கப்பிலிருந்து பழையதெல்லாம் திரும்ப வந்துவிடும். தொலைக்காமல் வைத்திருக்கும் நண்பர்கள் உங்களுக்கு இருந்தால் சரி.

சர்வரின் கடவுச்சொல் உங்களைத் தவிர இன்னொருவரிடமும் இருக்கட்டும். டொமைன் பெயரைப் பல வருடத்துக்குச் சேர்த்தே கட்டிவிடுங்கள். காலாவதியாகி வேறு யாராவது வாங்கிவிட்டால், உங்கள் எல்லோருடைய முகவரியும் அவர் கைக்குப் போய்விடும். உங்கள் பெயரிலேயே கணக்குத் திறந்து மற்ற சர்வர்களில் இருக்கும் நண்பர்களுக்குச் செய்தி அனுப்புவார். கியூஆர் வைத்துச் சரிபார்த்தவர்களின் போன் மட்டும்தான் அந்தப் புதுச் சாவியைச் சந்தேகப்படும்.