சந்தியாகப்பர் பாதைக்கு எந்த மாதம் கிளம்பலாம்? ஜூலை மட்டும் வேண்டாம்

கேள்வி: நான் அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியை. வருகிற மே 31 அன்று ஓய்வு பெறுகிறேன். வேளாங்கண்ணிக்கு மூன்று முறை நடந்திருக்கிறேன். ஸ்பெயினில் புனித சந்தியாகப்பர் கல்லறை வரை போகும் கமினோ பாதயாத்திரையை முழுதாக நடக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. ஜூலை 25 திருவிழா அன்று போய்ச் சேரும்படி ஜூன் மாதம் கிளம்பினால்தான் விசேஷம், அதுதான் சீசன் என்று ஒரு டிராவல் ஏஜென்ட் சொல்லி முன்பணம் கேட்கிறார். கொடுத்துவிடலாமா? எந்த மாதம் நல்லது?

பதில்: கொடுக்காதீர்கள். ஜூன் கடைசி வேண்டாம், ஜூலை வேண்டவே வேண்டாம். உங்கள் நிலையில் இருப்பவருக்கு நான் சொல்வது செப்டம்பர் 7-ஆம் தேதி. பிரான்ஸ் எல்லை ஊரான சான் ஜானில் அன்று காலை கிளம்பினால், இரண்டு ஓய்வு நாள் சேர்த்து அக்டோபர் 12 வாக்கில், சந்தியாகப்பர் கல்லறை இருக்கும் சான்டியாகோ நகருக்குப் போய்ச் சேரலாம்.

ஏன் அந்தத் தேதி என்று கேட்பீர்கள். எல்லாரும் செய்கிற தப்பு ஒன்றுதான், கிளம்புகிற நாளின் வானிலையைப் பார்த்துத் தேதி குறிக்கிறார்கள். இது நாலைந்து நாள் நடை இல்லை அம்மா, சுமார் 780 கிலோமீட்டர். முதல் நாளே பிரனீஸ் மலை ஏற வேண்டும், 1,400 மீட்டருக்கு மேலே போய் இறங்கும் வழி. இரண்டாவது வாரக் கடைசியில் புர்கோஸ் நகரைத் தாண்டியதும் மெசெட்டா என்கிற மேட்டுச் சமவெளி. நாலாவது வாரம் கலீசியா, ஸ்பெயினிலேயே நன்றாக மழை பெய்கிற மூலை. ஒரே யாத்திரைக்குள் மூன்று வானிலை. அதனால் நடுவில் எந்தத் தேதியில் மெசெட்டாவில் இருப்பீர்கள், கடைசியில் எந்தத் தேதியில் கலீசியாவில் இருப்பீர்கள் என்று முதலில் குறித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணி வந்து கிளம்பும் நாளைப் பிடிக்க வேண்டும். செப்டம்பர் 7 என்றால் மெசெட்டாவுக்கு மாதத்தின் மூன்றாவது வாரம், கலீசியாவுக்கு அக்டோபர் முதல் வாரம். வெயில் இறங்கியிருக்கும், மழை இன்னும் முழுசாகப் பிடித்திருக்காது.

வெயிலைப் பற்றி நம் ஊர்க்காரர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். நானும் அப்படிச் சிரித்தவன்தான். முதல் தடவை ஜூலையில் போனேன், மே மாத வெயிலில் கிரிக்கெட் ஆடி வளர்ந்த உடம்புக்கு ஸ்பெயின் வெயில் என்ன செய்துவிடும் என்கிற திமிர். மெசெட்டாவில் கரியோன் என்ற ஊரைத் தாண்டினால் அடுத்த ஊருக்கு 17 கிலோமீட்டர், இடையில் ஒரு வீடு கிடையாது. காலையில் காபி குடித்து, காலில் கொப்புளத்துக்குக் கட்டுப் போட்டு, சாவகாசமாக ஒன்பது மணிக்குக் கிளம்பினேன். ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாதி வழியில் தீர்ந்தது. தூரத்தில் மரம் மாதிரி தெரிந்ததெல்லாம் கிட்டே போனால் அடுக்கி வைத்த வைக்கோல் கட்டுகள். அதில் ஒரு அடுக்கின் ஓரத்தில் ஒரு முழ அகலத்துக்கு நிழல் இருந்தது, அதில் முதுகை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். போய்ச் சேர வேண்டிய ஊர் ஒரு பள்ளத்துக்குள் இருப்பதால், காலடிக்கு வரும் வரை கண்ணிலேயே படவில்லை. இன்னொன்று, அங்கே கோடையில் கடிகாரத்தில் மணி 12 ஆகும்போது சூரியன் உச்சிக்கு வருவதில்லை, இரண்டேகால் வாக்கில்தான் வருகிறது. நம் ஊர்ப் பழக்கத்தில் மூன்று மணிக்கு மேல் வெயில் தாழ்ந்துவிடும் என்று நினைத்து நடப்பவர்கள், உச்ச சூடு நாலு, ஐந்து மணிக்கு அடிக்கும்போது நடுவழியில் மாட்டிக்கொள்வார்கள்.

வேளாங்கண்ணி நடை வேறு. அங்கே வழி நெடுக மோர்ப் பந்தல், அன்னதானம், பின்னாலேயே வேனில் மூட்டை முடிச்சு. இங்கே மூட்டை உங்கள் முதுகில். அடுத்த ஊருக்குப் பையை மட்டும் அனுப்பி வைக்கும் வசதி உண்டு, முட்டி வலி இருந்தால் தயங்காமல் பயன்படுத்துங்கள், அதனால் புண்ணியம் ஒன்றும் குறையாது.

சரி, ஏஜென்ட் சொன்ன ஜூலை 25. அன்று சந்தியாகப்பர் திருவிழா, அது உண்மை. அவர் சொல்லாமல் விட்டதையும் கேளுங்கள். ஜூலை 6 முதல் 14 வரை பாதையில் இருக்கும் பாம்ப்லோனா ஊரில் காளை ஓட்டத் திருவிழா, அந்த வாரம் அங்கே படுக்க இடம் தேடுவது பெரும்பாடு. கோடை விடுமுறைக்கு ஸ்பெயின்காரர்களே பாதையில் இறங்கிவிடுவார்கள். அரசும் ஊராட்சியும் யாத்ரீகர்களுக்காக நடத்துகிற அல்பெர்கே என்கிற விடுதிகளில் பெரும்பாலும் முன்பதிவு கிடையாது, முதலில் வந்தவருக்குக் கட்டில். மதியம் கதவு திறப்பதற்கு முன்பே வாசலில் முதுகுப்பைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும், நம் ஊர் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பது மாதிரி. அந்த வரிசைக்காக விடியற்காலை நாலரைக்கே எழுந்து ஓடுவதற்குப் பெயர் யாத்திரை இல்லை.

திருவிழா நாள்தான் வேண்டும் என்றால் உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். செப்டம்பர் 7 அன்று கிளம்பினால் அன்றிரவு ரோன்செஸ்வாயெஸ் மடத்தில் தங்குவீர்கள். மறுநாள் செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள், வேளாங்கண்ணியில் நடப்பது போல அந்த மடத்து மாதாவுக்கும் அன்றுதான் திருநாள். அந்த ஒரு ராத்திரிக்கு மட்டும் முன்பதிவு செய்துவிடுங்கள், அங்கே இணையத்திலேயே செய்யலாம். இதைவிடத் தள்ளி, செப்டம்பர் 14, 15 என்று கிளம்பாதீர்கள். லொக்ரோன்யோ நகரில் 21-ஆம் தேதியை ஒட்டித் திராட்சை அறுவடைத் திருவிழா, சரியாக அதில் போய் விழுவீர்கள்.

ஏப்ரல் கடைசி, மே மாதமும் நல்ல காலம்தான், பூவும் பச்சையுமாக இருக்கும். ஆனால் நீங்கள் மே 31 வரை பள்ளியில் கையெழுத்துப் போட வேண்டியவர், அதனால் அந்தப் பேச்சு வேண்டாம். குளிர்காலத்தை நினைக்கவே வேண்டாம், நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை முதல் நாள் ஏறும் அந்த பிரனீஸ் மலைப்பாதையையே மூடிவிடுகிறார்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு, இதை நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் ஏஜென்டுகள் இதை வைத்துத்தான் அடுத்து வியாபாரம் செய்யப்போகிறார்கள். ஜூலை 25 ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் அந்த வருடம் முழுக்கச் சான்டியாகோவில் புனித ஆண்டு. 1999, 2004, 2010, 2021 அப்படி வந்தவை (2021-ஐ, பெருந்தொற்றை முன்னிட்டு, திருத்தந்தை பிரான்சிஸ் 2022 முடிய நீட்டித்தார்). அடுத்தது 2027, அதற்கடுத்தது 2032. புனித ஆண்டில் கூட்டம் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு: நடந்து முடித்துச் சான்றிதழ் வாங்கியவர்கள் 2009-இல் சுமார் 1.46 லட்சம், 2010-இல் 2.72 லட்சம், 2011-இல் திரும்ப 1.83 லட்சம். இப்போது சாதாரண வருடத்திலேயே கிட்டத்தட்ட 5 லட்சம் பேர் வருகிறார்கள், ஆக 2027-ஐ நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்தக் கூட்டம் 780 கிலோமீட்டரும் பரவலாக இருக்காது. சான்றிதழுக்குக் கடைசி 100 கிலோமீட்டர் நடந்தால் போதும் என்பது விதி, அதனால் பெருங்கூட்டம் சாரியா என்ற ஊரில்தான் வந்து சேரும். நீங்கள் 2027-இல் போவதாக இருந்தால் தேதியை மாற்ற வேண்டாம், சாரியாவுக்குப் பிறகு வரும் ஐந்து ராத்திரிகளுக்கு மட்டும் தனியார் விடுதிகளில் முன்கூட்டியே இடம் போட்டுவிடுங்கள், அவர்கள் முன்பதிவு எடுப்பார்கள். புனித ஆண்டில் திருவிழா அன்றே போனால்தான் பரிபூரண பலன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பேராலயத்தின் புனிதக் கதவு அந்த வருடம் பூராவும் திறந்திருக்கும். அந்தப் பலனுக்குப் பேராலயம் போய்ச் செபித்து, பாவசங்கீர்த்தனம் செய்து, நற்கருணை வாங்க வேண்டும், அவ்வளவுதான், நடந்து வரவேண்டும் என்றுகூட நிபந்தனை இல்லை. நடந்ததற்குக் கொடுக்கும் சான்றிதழ் வேறு சமாசாரம், அது புனித ஆண்டு இல்லாத வருடத்திலும் கிடைக்கும், இலவசமாகவே கிடைக்கும். "சர்டிஃபிகேட் கட்டணம்" என்று பேக்கேஜில் ஒரு வரி இருந்தால் அந்த ஏஜென்டின் கடையை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

இனி விசா. உண்மையில் உங்கள் மாதத்தைத் தீர்மானிக்கப் போவது வெயிலோ மழையோ இல்லை, இதுதான். ஸ்பெயின், பிரான்ஸ் உள்பட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசி வரம்பு 15 நாள் முன்பு. முடிவு சொல்ல வழக்கமாக 15 நாள், சில சமயம் 45 நாள் வரை இழுப்பார்கள். மே மாதம் நம் ஊரே கோடை விடுமுறைக்கு ஐரோப்பா கிளம்பும், அப்போது விண்ணப்ப மையத்தில் தேதி கிடைக்காது, கிடைக்காத தேதியை விற்பதற்கென்றே வெளியே ஆள் இருப்பான். ஜூனில் நடை தொடங்க ஆசைப்பட்டால் நீங்கள் அவனிடம்தான் போய் நிற்க வேண்டியிருக்கும். அதுவும் பணியில் இருக்கும்போது விண்ணப்பித்தால் துறையிடம் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும், நாளை ஓய்வு பெறப்போகிறவருக்குத் தடையில்லாச் சான்று எதற்கு என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் கிடையாது, கோப்பு மட்டும் மேசை மேசையாக யாத்திரை போகும். ஜூன் நடுவில், பணியிலிருந்து விடுவித்த ஆணையோடு, நிதானமாக விண்ணப்பியுங்கள். ஓய்வூதிய ஆணை எப்போது கைக்கு வரும் என்பது ஆண்டவருக்கே வெளிச்சம், அதற்காகக் காத்திருக்காமல் வங்கிக் கணக்கு விவரத்தையும் வருமான வரிப் படிவத்தையும் வையுங்கள். பணிக்கொடைத் தொகை அந்தச் சமயம் கணக்கில் விழுந்தால் அது எங்கிருந்து வந்தது என்பதற்கான தாளையும் சேர்த்து வையுங்கள். திடீரென்று பெரிய தொகை வந்திருந்தால் சந்தேகப்படுவார்கள். "கணக்கில் காட்டுவதற்கு" பணம் போட்டுத் தருகிறேன் என்று சொல்லும் ஏஜென்ட் உங்களைக் குழியில் தள்ளுகிறார்.

இன்னொரு பொறி உண்டு. சான் ஜான் பிரான்சில்தானே இருக்கிறது, பிரான்சுக்கு அப்பாயின்ட்மென்ட் சுலபமாகக் கிடைக்கிறது, அங்கேயே போட்டுவிடலாம் என்பார்கள். அதிக நாள் எந்த நாட்டில் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் கேட்க வேண்டும். பிரான்சில் உங்களுக்கு ஓரிரு ராத்திரி, மிச்சம் மொத்தமும் ஸ்பெயின்.

விண்ணப்பத்தில் ஒவ்வொரு இரவும் எங்கே தங்குவீர்கள் என்று கேட்பார்கள். முன்பதிவே எடுக்காத விடுதிகளை நம்பி நடக்கிற யாத்ரீகர் 35 ராத்திரிக்கு எதைக் காட்டுவது? அந்தக் கேள்வியை எழுதியவர் இரண்டு கிலோமீட்டர் நடந்திருந்தால்கூட இப்படி எழுதியிருக்க மாட்டார். இந்த ஓட்டையில்தான் ஏஜென்டுகள் போலி ஓட்டல் பதிவு போட்டுக் கொடுக்கிறார்கள், விசாரித்தால் அன்றே ரத்தாகியிருப்பது தெரிந்து விண்ணப்பம் நிராகரிக்கப்படும், தொண்ணூறு யூரோ கட்டணமும் போச்சு. நீங்கள் உண்மையாகத் தங்கப்போகும் தனியார் விடுதிகளில், ரத்து செய்தால் காசு திரும்பும்படி பதிவு செய்யுங்கள். நாள்வாரியாக எந்த ஊரிலிருந்து எந்த ஊர், எத்தனை கிலோமீட்டர் என்று ஒரு அட்டவணை, எல்லாம் நடை என்று விளக்கி ஒரு கடிதம், 30,000 யூரோவுக்குக் குறையாத பயணக் காப்பீடு. விமான டிக்கெட்டுக்கு விசா கைக்கு வரும் முன் முழுப் பணம் கட்டாதீர்கள். அப்புறம், 35 நாள் என்று மட்டும் கேட்காமல் 45 நாள் கேளுங்கள், கால் சுளுக்கி மூன்று நாள் படுத்துவிட்டால் விசா கெடு தீர்ந்துவிடக் கூடாது.

ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும் நடைப் பயிற்சிக்குக் கையில் இருக்கிறது. எந்தச் செருப்போ ஷூவோ போட்டுக்கொண்டு அங்கே நடக்கப் போகிறீர்களோ அதையே போட்டு, ஆறேழு கிலோ பையோடு, வாரத்தில் ஒரு நாளாவது 20 கிலோமீட்டர் நடந்து பாருங்கள். பையில் ஒரு தலை விளக்கும் இருக்கட்டும், அக்டோபரில் கலீசியாவில் விடிவதற்கு எட்டரை மணி ஆகிவிடும், அதுவரை வழி காட்டும் மஞ்சள் அம்புக்குறி கண்ணுக்குத் தெரியாது.