ஏஐ அடிப்படைகள்: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: ஏஐ, மெஷின் லேர்னிங், டீப் லேர்னிங் மூன்றும் ஒன்றுதானா சார்?

ஒன்றுக்குள் ஒன்று. ஏஐ, அதாவது செயற்கை நுண்ணறிவு, பெரிய வட்டம். கணினி அறிஞர் ஜான் மெக்கார்த்தியும் வேறு மூவரும் 1955-ல் எழுதிய ஆய்வுத் திட்டத்தில் வந்த பெயர் அது. விதிகளை நாம் எழுதித் தராமல், எடுத்துக்காட்டுகளிலிருந்து எந்திரமே பிடித்துக்கொண்டால் மெஷின் லேர்னிங். அதையே பல அடுக்கு நியூரல் நெட்வொர்க் (மூளை நரம்புகளின் பாணியில் இணைத்த கணக்கு வலை) வைத்துச் செய்தால் டீப் லேர்னிங்.

1997-ல் சதுரங்க உலகச் சாம்பியன் காஸ்பரோவைத் தோற்கடித்த டீப் புளூ என்ற கணினி, நொடிக்குச் சுமார் 20 கோடி ஆட்ட நிலைகளை அலசியது. எந்த நிலை நல்லது என்று மதிப்பிடும் வழியைப் பெரும்பாலும் மனிதர்களே அமைத்துக் கொடுத்தார்கள். அது ஏஐதான், ஆனால் கற்றல் அதில் கொஞ்சம். 2016-ல் 'கோ' என்ற பலகை விளையாட்டில் முன்னணி வீரர் லீ செடோலை 4-1 என்று வென்ற ஆல்ஃபாகோ நிரல் வேறு ரகம். மனிதர்கள் ஆடிய ஆட்டங்களைப் பார்த்துப் படித்தது, அப்புறம் தன்னோடு தானே ஆடித் தேறியது.

கேள்வி: 'பயிற்சி' என்கிறார்களே, உள்ளே என்னதான் நடக்கிறது?

பரப்பளவை வைத்து வீட்டின் விலையைக் கணிக்க வேண்டும் என்று வையுங்கள். பரப்பு 10, உண்மை விலை 30. எந்திரத்திடம் 'எடை' என்று ஒரே ஓர் எண். அதைக் குத்துமதிப்பாக 2 என்று வைத்துத் தொடங்குகிறது. 2 × 10 = 20. உண்மை விலைக்கு 10 குறைகிறது. சரி, எடையைச் சற்றே கூட்டு. அடுத்த வீடு, அடுத்த பிழை, அடுத்த திருத்தம். சில ஆயிரம் முறை போனால் எடை 3-க்கு அருகில் வந்து நிற்கும். இப்படிப் பயிற்சி பெற்றதைத்தான் 'மாடல்' என்கிறோம். பெரிய மாடல்களில் இந்த எடைகள் பல நூறு கோடி. எதை எந்தப் பக்கம் எவ்வளவு நகர்த்துவது என்ற கணக்குத்தான் கடினம்.

கேள்வி: என் மாடல் ஸ்பாம் மின்னஞ்சலை 98 சதவீதம் சரியாகப் பிரிக்கிறது. போதுமா ஐயா?

இரண்டு விஷயம் பாருங்கள் தம்பி. நூறு மின்னஞ்சலில் இரண்டுதான் ஸ்பாம் என்றால், கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் 'நல்லது' என்று சொல்லும் மாடலுக்கும் 98 வரும். எத்தனை ஸ்பாமைப் பிடித்தது என்று தனியாக எண்ணுங்கள்.

அடுத்தது, நான் தொண்டை வற்றச் சொல்வது: பயிற்சிக்குக் கொடுத்த தரவிலேயே தேர்வு வைக்காதீர்கள். வினாத்தாளை முன்பே கொடுத்துவிட்டு, பையன் நூற்றுக்கு நூறு என்று பூரிப்பது போல் ஆகும்.

கேள்வி: ஏஐ வந்தால் என் வேலை போய்விடுமா?

ஜோசியம் என் துறை இல்லை.

கேள்வி: எந்த லேப்டாப் வாங்கலாம்?

அதை விற்கிறவரிடம் கேளுங்கள். கற்றுக்கொள்ளத் தொடங்க, இருக்கிற கணினியே போதும்.

கேள்வி: இதெல்லாம் சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளை. புரிதல் என்று எதுவும் இல்லை. ஒப்புக்கொள்கிறீர்களா?

இடையில் இன்னொருவர்: கிளி புதிய கணக்கைப் போடுமா? அதற்குப் புரிகிறது. மனிதனும் பார்த்துத்தானே கற்கிறான்?

இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். 1966-ல் கணினி அறிஞர் ஜோசப் வைசன்பாம் எலைசா என்ற உரையாடும் நிரலை வெளியிட்டார். நீங்கள் "எனக்குக் கவலை" என்றால் "ஏன் கவலை?" என்று திருப்பிக் கேட்கும், அவ்வளவுதான். அவருடைய செயலாளரே அதனோடு பேச உட்கார்ந்து, அவரை அறையைவிட்டுப் போகச் சொன்னாராம். ஆக, நமக்கு 'புரிகிறது' என்று தோன்றுவது சாட்சி ஆகாது.

அதே இன்னொருவர்: எலைசாவையும் இன்றைய மாடலையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமா?

நியாயமில்லை. எலைசாவில் முன்பே எழுதிவைத்த சில பதில் வார்ப்புகள்தான். இன்றைய மொழி மாடல் அடுத்த துண்டு எது என்று ஊகித்து ஊகித்தே பழகியது. நன்றாக ஊகிக்க வேண்டுமானால் இலக்கணமும் உலக விவரமும் ஏதோ ஒரு வடிவில் உள்ளே பதிந்தாக வேண்டும். அதனால் 'கிளிப்பிள்ளை' எனக்குப் பொருந்தவில்லை. ஆனால் அது கேட்பது 'எது உண்மை' என்றல்ல, 'எது பொருந்தி வரும்' என்று. இல்லாத தீர்ப்பை, இல்லாத நூலைச் சரளமாகச் சொல்வது அதனால்தான். புரிதல் என்ற சொல்லுக்கு நீங்கள் இருவரும் ஒரே பொருள் வைத்துக்கொண்டு வாருங்கள், மேற்கொண்டு பேசலாம்.

கேள்வி: தமிழ்ச் சொல்லில் எழுத்தை எண்ணச் சொன்னால் தடுமாறுகிறதே?

நல்ல கேள்வி. 'தமிழ்' நமக்கு மூன்று எழுத்து. கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் யூனிகோடு தரத்தில் ஐந்து குறி: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. அவற்றைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 15 பைட். மாடலோ இவற்றையும் எழுத்தாகப் பார்ப்பதில்லை, டோக்கன் என்ற துண்டுகளாகப் பார்க்கிறது. வெட்டு எழுத்தின் நடுவிலும் விழலாம். கண்ணில் படாததை எப்படி எண்ணும்?

கேள்வி: கணக்கு தெரியாமல் ஏஐ படிக்கலாமா?

பயன்படுத்தலாம். உருவாக்க வேண்டுமென்றால் அணிகள் (மேட்ரிக்ஸ்), நிகழ்தகவு, கொஞ்சம் வகை நுண்கணிதம்.

கேள்வி: ஏஐ வந்தால் கணக்கர் வேலை...

மேலே பாருங்கள்.

கேள்வி: சார், என் மாடல் 100 சதவீதம் சரியாகச் சொல்கிறது!

தேர்வுக்கு எந்தத் தரவை வைத்தீர்கள்?

அதே நபர்: பயிற்சிக்குக் கொடுத்ததுதான் சார். ஏன்?