கந்தோர் ஐடி: கேளுங்கள், சொல்கிறேன்

கொழும்பில் புறக்கோட்டைக் கடை, கொள்ளுப்பிட்டிக் கந்தோர் என்று பல இடங்களில் சேர்வர் பார்த்தவன் நான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, வெளி ஹாட் டிஸ்கில் தினமும் பெக்கப் ஆகிறது. டிஸ்க் எப்போதும் சேர்வரிலேயே மாட்டியிருக்கும். போதுமா?

பதில்: போதாது தம்பி. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால் மாட்டியிருக்கும் டிஸ்கையும் சேர்த்தே பூட்டும். 2023 ஆகஸ்டில் நம் இலங்கை அரசாங்க மின்னஞ்சலுக்கு நடந்தது அதுதான். ஒன்லைன் பெக்கப்பும் பூட்டுப்பட, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அஞ்சல்கள் போயின. அங்கே ஓடிய மின்னஞ்சல் மென்பொருள் எக்ஸ்சேஞ்ச் 2013க்கு மைக்ரோசொஃப்ட் ஆதரவு அந்த ஏப்ரலிலேயே முடிந்திருந்தது. ஆகவே மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று கட்டடத்துக்கு வெளியே.

அப்புறம், மீட்டுப் பார்த்தீர்களா? ஒரு கடையில் எட்டு மாதமாகத் தினமும் பச்சை அடையாளம் வந்தது. தேவைப்பட்ட நாளில் திறந்தால் வெறும் ஃபோல்டர். கணக்கு மென்பொருளைப் புதுப்பித்தவர் தரவை டி டிரைவுக்கு மாற்றியிருக்கிறார். பெக்கப்போ பழைய சி டிரைவையே விசுவாசமாக அள்ளிக்கொண்டிருந்தது. அதை நிறுவியவன் நான்தான்.

கேள்வி: புதுப் பிரின்டர் எது நல்லது?

பதில்: பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவின் கணினிக் கடைகளில் ஏறி இறங்குங்கள்.

கேள்வி: மாதாமாதம் எல்லாரும் பாஸ்வேர்ட் மாற்றவேண்டும் என்று விதி போட்டிருக்கிறேன். சரிதானே?

பதில்: சரியில்லை தங்கச்சி. கீபோர்டுகளைத் திருப்பிப் பாருங்கள், கடதாசி ஒட்டியிருக்கும். ஒட்டாதவர்கள் ஜனவரிக்கு 01, பெப்ரவரிக்கு 02 என்று கடைசி எண்ணை மட்டும் மாற்றுவார்கள். தொழில்நுட்பத் தரங்களை வகுக்கும் அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனம் 2017இலேயே சொல்லிவிட்டது: கசிந்ததற்கு அறிகுறி இல்லாமல் மாற்றச் சொல்லவேண்டாம். நீளமாக ஒன்று வைக்கச் சொல்லி, பாஸ்வேர்டோடு ஃபோனிலும் உறுதி கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பைப் போடுங்கள்.

குறுக்கே ஒரு கணக்காய்வாளர்: எங்கள் செக்லிஸ்ட்டில் 90 நாளுக்கொருமுறை மாற்றவேண்டும் என்றுதான் இருக்கிறது. நீங்கள் சொன்னால் ஆயிற்றா?

பதில்: ஐயா, அந்தச் செக்லிஸ்ட்டில் வேலையால் நின்றவரின் கணக்கை எத்தனை மணி நேரத்தில் மூடினார்கள் என்ற கேள்வி இருக்கிறதா?

கணக்காய்வாளர்: இருக்கிறது. ஆனால் யாரும் மூடுவதில்லை. அதனால்தான் 90 நாள்; நின்றவரின் பாஸ்வேர்ட் தானாகவே செல்லாமல் போகும்.

பதில்: இது நியாயம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நின்றவர் ஒருவருக்காக வேலை செய்கிற நாற்பது பேரைத் தண்டிப்பானேன்? சம்பளப் பகுதி கடைசிச் சம்பளம் போடும்முன் ஐடியின் கையெழுத்து வேண்டும் என்று எழுதுங்கள். ஒப்பந்தத்தில் 90 நாள் என்று இருந்தால் மாற்றத்தான் வேண்டும்; பாதுகாப்பென்று மட்டும் சொல்லாதீர்கள்.

கேள்வி: கரண்ட் போனால் பெட்டரியில் ஓடவைக்கும் யூபிஎஸ் ஐந்து நிமிடம்தான் தாங்குகிறது.

பதில்: 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் கரண்ட் போனதே, அதற்குச் சாதாரணக் கந்தோர் யூபிஎஸ் தாங்காது. சேர்வரை ஒழுங்காக அணைக்க ஐந்து நிமிடம் போதும். தானாக அணையும்படி யூபிஎஸ்ஸிலிருந்து சேர்வருக்கு யூஎஸ்பி வயரைப் பொருத்தினீர்களா? அநேகமாக அது இன்னும் பெட்டிக்குள்தான் கிடக்கும்.

கேள்வி: விண்டோஸ் 10 இன்னும் ஓடுகிறதே?

பதில்: ஓடும். ஆனால் 2025 ஒக்டோபர் 14உடன் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் வழக்கமான ஆதரவு முடிந்தது.

கேள்வி: கூகுள் டிரைவில் சிங்க் ஆகிறது. அது பெக்கப்தானே?

பதில்: இல்லை. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். மேலே படியுங்கள்.

கேள்வி: பென் டிரைவில் எடுத்து முதலாளியின் லாச்சியில் வைக்கிறோம், அண்ணா...

பதில்: லாச்சி சேர்வருக்குப் பக்கத்தில்தானே? கள்ளன் இரண்டையும் சேர்த்தே தூக்குவான். பாஸ்வேர்ட் இல்லாமல் திறக்கமுடியாதபடி என்கிரிப்ட் செய்து வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். மற்றக் கேள்விகளை, பெக்கப்பை மீட்டுப் பார்த்த பிறகு வந்து கேளுங்கள்.