நரைக்கு வரி உண்டா?

கேள்வி: டோமி அடெயெமி எழுதின 'சில்ட்ரன் ஆஃப் பிளட் அண்ட் போன்' நாவலை என் தங்கச்சி தலைல தூக்கி வெச்சு ஆடுறா. என் ஃப்ரெண்டோ 'மந்திர சக்தி உள்ளவங்களைக் கொடுமைப்படுத்துறாங்கன்னு 500 பக்கத்துக்கு ஒரே அழுகை, வெள்ளை முடியோட பொறந்ததுக்கா ஒருத்தனை அடிப்பாங்க, லாஜிக்கே இல்லை'ன்னு ரெண்டரை ஸ்டார் குடுத்துட்டான். யார் சொல்றது சரி? (ஒரு வாசகர், திண்டுக்கல்)

பதில்: உங்க ஃப்ரெண்டு தலைல இன்னும் ஒரு நரை கூட விழலைன்னு நினைக்கிறேன் தம்பி, விழுந்திருந்தா இந்த லாஜிக் கேள்வியே வந்திருக்காது. திங்கக்கிழமை காலைல எங்க ஆபீஸ் வாசல்ல வந்து நின்னு பாருங்க. சனிக்கிழமை அம்பது வயசா வீட்டுக்குக் கிளம்புன ஆளு முப்பத்தஞ்சா திரும்பி வர்றாரு, காதோரத்துல மட்டும் ஒரு கருப்புக் கறை, என்னங்கன்னு கேட்டா 'ஹென்னா சார், நேச்சுரல்'ங்கறாரு. லேஅவுட் பாக்குறவர் ஒருநாள் தலைக்கு அடிச்சுட்டு மீசைக்கு அடிக்க மறந்துட்டாரு, அன்னிக்குப் பூரா கர்ச்சீப்பால வாயைப் பொத்திக்கிட்டேதான் பேசுனாரு, பாவம் ஜலதோஷம் போலன்னு ரிசப்ஷன் பொண்ணு சுக்கு காபி வேற போட்டுக் குடுத்துச்சு, மனுஷன் மூணு டம்ளர் குடிச்சாரே தவிர கர்ச்சீப்பை எடுக்கலை. ப்ரூஃப் ரீடர் மட்டும்தான் டை அடிக்காதவர், அவரை பாக்க வர்ற எழுத்தாளருங்க எல்லாம் அவர்தான் ஆசிரியர்னு நினைச்சு கும்பிடு போட்டுட்டு என்னைக் கடந்து போயிடுறாங்க, அது வேற வயித்தெரிச்சல்.

நரைச்சா வரி கேக்காத ஊர்லயே இந்தக் கூத்து. அந்த நாவல்ல ஒரிஷாங்கற நாட்டுல வெள்ளை முடிதான் மந்திர வம்சத்துக்கு அடையாளம், அதோட பொறந்தாலே வரி, கட்ட முடியலைன்னா கூலியில்லாத உழைப்புக்கு இழுத்துட்டுப் போயிடுறாங்க. புக்கு ஆரம்பிச்சு கொஞ்ச நேரத்துலயே காவலாளிங்க வரியை ஏத்திட்டோம்னு வந்து நிக்கிறானுங்க, வீட்டுல காசு இல்லை, கதாநாயகி ஸேலி வரிக்காசுக்காக தலைநகர் சந்தைக்கு மீன் விக்கப் போறா, அங்கதான் கதையே கிளம்புது. மந்திரம், சிங்கம் மாதிரி வாகனம் எல்லாம் இருக்கட்டும், எனக்குப் புடிச்சது அந்த மீன் பேரம். அந்த நாட்டு இளவரசனுக்கே தலைல ஒரு வெள்ளைக் கீத்து முளைச்சிருது, அப்பன் ராஜா பாத்துடக் கூடாதுன்னு அதை மறைக்க ஹெல்மெட்டும் கையுமா அலையுறான் பாருங்க, எங்க லேஅவுட்காரர் ஞாபகம்தான் வந்துச்சு.

லாஜிக் இல்லைன்னு சொல்ற ஃப்ரெண்டுக்கு ஒண்ணு சொல்லுங்க. 1786ல, இப்ப அமெரிக்காவுல இருக்குற, அப்ப ஸ்பெயின் ஆண்ட லூசியானாவுல ஸ்பானிஷ் கவர்னர் மிரோ, அடிமையா இல்லாத கருப்பினப் பெண்கள் கூட முடியைத் துணியால கட்டி மறைக்கணும்னு உத்தரவு போட்டாரு, அந்தப் பொம்பளைங்க கலர் கலரா பட்டுல கட்டி அதையே ஃபேஷன் ஆக்கிட்டாங்க. தென்னாப்பிரிக்காவுல நிறவெறி ஆட்சி நடந்தப்ப முடில பென்சிலைச் சொருகிப் பாத்து, அது கீழ விழுதா நிக்குதான்னு வெச்சு ஒரு மனுஷன் எந்த இனம்னு முடிவு பண்ணிருக்கானுங்க. ஒரே வீட்டுல அண்ணன் ஒரு இனம், தங்கச்சி வேற இனம்னு பிரிஞ்சு போகலாம். முடியை வெச்சு ஸ்கூல்லயும் வேலைலயும் பாகுபாடு பாக்கக் கூடாதுன்னு கலிஃபோர்னியா சட்டம் போட்டதே 2019லதான். நாவல் வந்தது 2018 மார்ச்ல, எழுதுனவங்க நைஜீரியப் பெற்றோருக்கு அமெரிக்காவுல பொறந்தவங்க, அப்ப வயசு 24, ஆயுதம் எதுவும் இல்லாத கருப்பினத்தவரை போலீஸ் சுட்ட செய்திகள் பாத்து வந்த பயமும் கோவமும்தான் இதை எழுத வெச்சுதுன்னு புக்கோட கடைசில அவங்களே சொல்லியிருக்காங்க. லாஜிக் எங்கேருந்து வந்துச்சுன்னு இப்ப புரியுதா?

அதுக்காக தங்கச்சி கட்சில நான் சேர்ந்துட்டேன்னு நினைச்சுக்காதீங்க. நிஜத்துல மிதிபடுற சனங்க கையிலேருந்து நெருப்பு வராது, இந்த நாவல்ல வருது. ராஜா சாரனோட குடும்பத்தை மந்திரக்காரங்கதான் கொன்னுருக்காங்க, அப்ப அவன் பயத்துல ஒரு நியாயம் ஒட்டிக்குது, மந்திரத்தை ஒழிச்சு அவங்களை அவன் செஞ்ச படுகொலைக்கு ஒரு சாக்கு மாதிரி ஆயிடுது. நிஜ ஒடுக்குமுறைக்கு அந்தச் சாக்கே கிடையாது. இந்த வகைக் கதைங்க எல்லாத்துக்கும் உள்ள ஓட்டை இது. ஆனா அதை இந்தம்மா மூடி மறைக்கலை, மந்திரம் திரும்பி வந்தா என்ன ஆகும்னு கதைக்குள்ளயே ஆளுங்களை அடிச்சுக்க விட்டுருக்காங்க, அதுக்கு ஒரு சபாஷ். சபாஷ் போட முடியாத இடம் காதல். அந்த இளவரசனோட படைதான் ஸேலியோட ஊரைக் கொளுத்துது, கொஞ்ச நாள்ல அவன் கூடவே கனவுல கை கோத்துட்டுத் திரியுறா, வீட்டுச் சாம்பல் ஆறுறதுக்குள்ள என்ன அவசரம்? மந்திரத்தைத் திரும்பக் கொண்டு வர ஒரு ஓலைச்சுருள், ஒரு சூரியக்கல், ஒரு எலும்புக் கத்தி, அதுக்கு ஒரு கெடு தேதின்னு தேடல் பாதையும் ஏற்கெனவே பலர் நடந்து தேஞ்சு போனதுதான்.

ஊர் எரிஞ்சதைப் பத்திப் பேசும்போதே ஒண்ணு, அந்த ஊருக்கு இலோரின்னு பேரு, நாவல்ல கடல்ல மிதக்குது, நைஜீரியாவுல இருக்குற நிஜ இலோரின் குவாரா மாநிலத் தலைநகர், கடலுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை! ஓயா, யெமோஜான்னு அந்த நாட்டு யோருபா இனத்தோட தெய்வங்க பேரு அப்படியே வருது, மந்திரம் யோருபா மொழிலயே ஓதுறாங்க. தங்கச்சியும் ஃப்ரெண்டும் சண்டை போட இதை எல்லாம் விட்டுட்டு ஸ்டாரைப் புடிச்சிக்கிட்டீங்க.

அந்த ரெண்டரைல அரை எதுக்குங்க? பக்கத்துப் பத்திரிகைல ஒரு விமர்சகர் இருக்காரு, பேரு வேணாம், எதுக்கெடுத்தாலும் மூணே கால் போடுவாரு. கால் ஸ்டாரை எந்தத் தராசுல நிறுத்தீங்கன்னு இதே பக்கத்துல கேட்டேன், அதுக்கப்புறம் என் சிறுகதைத் தொகுப்புக்கு ஒண்ணே கால் குடுத்தாரு. அந்தக் கால் என் கதைக்கா அட்டைப்படத்துக்கான்னு இன்னும் பதில் வரலை, அட்டை வரைஞ்சவரு தனக்குத்தான்னு சொல்லிக்கிட்டுத் திரியுறாரு.

இதுக்கு மேல ரெண்டு பாகம் இருக்கு, 2019லயும் 2024லயும் வந்துச்சு, படமும் 2027 ஜனவரில வருதுன்னு அறிவிச்சிருக்காங்க, ஜினா பிரின்ஸ்-பைத்வுட் டைரக்‌ஷன், ஸேலியா நடிக்கிறது தென்னாப்பிரிக்காவோட தூசோ எம்பெடு. அதுக்குள்ள ஃப்ரெண்டுகிட்ட எத்தனாவது பக்கத்துல புக்கை மூடினான்னு கேட்டு எழுதுங்க. ஊரைக் கொளுத்துனவனைக் காதலிக்கிறாளேன்னு ஒரு வார்த்தை திட்டாம, வெறும் முடிக்கு மட்டும் சண்டை போட்டிருக்கான், எனக்கென்னவோ நூறைத் தாண்டியிருக்க மாட்டான்னுதான் தோணுது.