சுடச்சுட வரும் ஈரத் துண்டு
வீட்டுக் கருவிகள்: வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: பின்பக்கக் குழாய் வழியாகக் காற்றைத் தள்ளும் டிரையர் எங்களுடையது. வெயில் காலத்தில் ஒரு மணி நேரத்தில் துணி காய்ந்தது. மழை பிடித்ததிலிருந்து ஒன்றரை மணி நேரம் ஓடவிட்டாலும் துண்டுகள் ஈரமாகவே வருகின்றன. தொட்டால் சுடுகிறது, ஆனால் ஈரம். பழுது பார்க்க வந்தவர், ஹீட்டரை மாற்ற வேண்டும் என்கிறார். மாற்றலாமா?
- ஒரு வாசகி, செம்பூர்

பதில்: இப்போதைக்கு வேண்டாம் அம்மா. துண்டு சுடுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஹீட்டர் போயிருந்தால் அது எப்படிச் சுடும்? ஹீட்டரில் இரண்டு சுருள் வைத்த மாடல்களில் ஒன்று மட்டும் அறுந்துபோவது உண்டு. ஆனால் அது பருவமழை வரட்டும் என்று காத்திருந்து அறுவதில்லை.

டிரையர் வைத்திருப்பவர்கள் எல்லோரும் சூட்டைப் பற்றியே கேட்கிறார்கள். இந்த மும்பையில் மெஷின்களைத் திறந்து வயிறு வளர்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், முதலில் கேட்க வேண்டியது தண்ணீர் எங்கே போகிறது என்பதை. நிமிடத்துக்கு 1000 சுற்று வேகத்தில் பிழிந்த பருத்தித் துணியில்கூட அதன் எடையில் ஏறத்தாழ 60 சதவீதம் தண்ணீர் தங்கியிருக்கும். 5 கிலோ துணி என்றால் 3 லிட்டர். அவ்வளவும் ஆவியாகி, வீட்டை விட்டு வெளியேறியாக வேண்டும்.

உங்கள் குழாய் எங்கே முடிகிறது என்று நீங்கள் எழுதவில்லை. மும்பை வீடுகளைத் தெரிந்ததால் ஊகிக்கிறேன்: கண்ணாடி போட்டு அடைத்த பால்கனி, சாரலுக்குப் பயந்து ஜூனிலேயே இழுத்துச் சாத்திய ஜன்னல், அதற்குள்ளேயே காற்றை விடும் குழாய். அப்படியானால் டிரையர் தான் விட்ட ஆவியையே மறுபடி உள்ளே இழுக்கிறது. மூடி போட்ட இட்லிப் பானைக்குள் துண்டை உலர்த்துவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மே மாதத்தில் ஜன்னல் திறந்திருந்தது, துணி காய்ந்தது. ஹீட்டர் அன்றும் இதே ஹீட்டர்தான்.

குழாய் வெளியேதான் போகிறது என்றால், ஓடும்போது அதன் வாயில் கையை வையுங்கள். காற்று கையைத் தள்ள வேண்டும். சும்மா வெதுவெதுப்பாக வருடிவிட்டுப் போனால் வழியில் அடைப்பு. டிரையரைச் சுவரோடு ஒட்டித் தள்ளியதில் குழாய் நசுங்கியிருக்கலாம், உள்ளே பஞ்சு படிந்திருக்கலாம். வலை கட்டாத கட்டடமாக இருந்தால் புறாக்கூட்டையும் சந்தேகப்படுங்கள். சுள்ளியும் எச்சமுமாக வெளி வாயை அடைத்துக்கொண்டிருந்த புறாக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். குழாய் எவ்வளவு குட்டையாக, நேராக இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

அடுத்தது பஞ்சு ஃபில்டர். தினமும் தட்டிச் சுத்தம் செய்கிறேன் என்பீர்கள். அதைக் குழாயடியில் பிடித்துத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் வலையில் வழியாமல் தேங்கி நின்றால், துணியை மென்மையாக்கப் போடும் திரவமோ வாசனைத் தாளோ கண்ணுக்குத் தெரியாத படலமாக ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். பாத்திரம் கழுவும் சோப்பும் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷும் போதும். நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள்.

இதையெல்லாம் கவனிக்காமல் விட்டால் உள்ளே சூடு தேங்கி ஒருநாள் தெர்மல் ஃப்யூஸ், அதாவது சூடு எல்லை மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாகம், அறுந்துவிடும். பல மாடல்களில் அப்போது டிரம் சுற்றும், காற்று வரும், சூடு மட்டும் வராது. ஃப்யூஸை மாற்றுவதோடு அடைப்பையும் எடுக்க வேண்டும். ஃப்யூஸ் எதற்கு, ஒயரை நேராக இணைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். டிரையருக்குள் இருக்கும் பஞ்சு தீப்பற்றும் பொருள், அந்த ஃப்யூஸ் அதற்கான காவல்.

கேள்வி: துவைப்பதும் உலர்த்துவதும் ஒரே மெஷினில். 8 கிலோ. வெளியே காற்றுக் குழாய் எதுவும் கிடையாது. காலையில் போட்டால் துணி காய்கிறது, இரவில் போட்டால் ஈரமாக இருக்கிறது. எங்கள் கட்டடத்தில் காலையிலும் மாலையிலும் மட்டும்தான் தண்ணீர் விடுவார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?
- ஒரு வாசகர், முலுண்டு

பதில்: உண்டு. பாதி விடையைக் கேள்வியிலேயே வைத்துவிட்டீர்கள். இந்த வகை மெஷின்கள் பலவற்றில், துணியிலிருந்து எழும் ஆவியைக் குளிர்விக்கக் குழாய்த் தண்ணீர்தான் பயன்படுகிறது. ஆவி அந்தக் குளிர்ச்சியில் மறுபடி நீராகி, கழிவுநீர்க் குழாய் வழியே போய்விடும். இரவில் குழாய் வறண்டிருந்தால் ஆவி உள்ளேயே சுற்றுகிறது. சில மெஷின்கள் பிழைக் குறி காட்டி நின்றுவிடும், சில ஒன்றும் சொல்லாமல் நேரத்தை ஓட்டிவிட்டு மணியடிக்கும்.

உங்களுடையது அந்த வகையா என்று அறிய, காலையில் உலர்த்தும்போது கழிவுநீர்க் குழாயின் முனையைக் கவனியுங்கள். துவைத்து முடித்து வெகு நேரமான பிறகும் விட்டுவிட்டுக் கணிசமாகத் தண்ணீர் வந்தால் அந்த வகைதான். தண்ணீர் வரும் நேரத்துக்குள் உலர்த்தி முடிப்பதே சிக்கனம். மே மாதத்தில் மொட்டை மாடித் தொட்டித் தண்ணீர் கொதிக்கிறதே, அப்போதும் குளிர்விப்பது மந்தமாகும் என்பதை நினைவில் வையுங்கள்.

இன்னொன்று. 8 கிலோ என்பது துவைக்க. உலர்த்தும் அளவு அதைவிடக் குறைவு, பல மாடல்களில் 5 கிலோதான். கடைக்காரர் இதை அழுத்திச் சொல்வதில்லை. துவைத்ததும் பாதித் துணியை எடுத்துக் கொடியில் போட்டுவிட்டு மீதியை உலர்த்துங்கள்.

கேள்வி: புது டிரையர். தானாக நிற்கும் முறையில் வைத்தால் சீக்கிரமே நின்றுவிடுகிறது. வேட்டி காய்ந்திருக்கிறது, பேரனின் ஜீன்ஸ் இடுப்பில் ஈரம். மின்னழுத்தக் குறைவா?
- ஒரு வாசகர், மாட்டுங்கா

பதில்: இல்லை. மின்னழுத்தம் குறைந்தால் நேரம்தான் கூடும்: 230 வோல்ட் 200 ஆக இறங்கினால் ஹீட்டரின் சூடு முக்கால் பங்காகும். உங்களுடையதோ முன்னதாக நிற்கிறது. டிரம்முக்குள் இரண்டு உலோகப் பட்டைகள் தெரியும். ஈரத் துணி அவற்றில் படும்போது மெல்லிய மின்சாரம் பாயும், அது நின்றால் துணி காய்ந்துவிட்டதாக மெஷின் முடிவு செய்யும். வேட்டி காய்ந்ததைக் கண்டு ஜீன்ஸும் காய்ந்தது என்று நினைத்துவிடுகிறது. கனமான துணியைத் தனியாகப் போடுங்கள். பட்டைகளை வினிகர் தொட்ட துணியால் அவ்வப்போது துடையுங்கள். ஒரே ஒரு ஜீன்ஸ்தான் இருக்கிறது என்றால் தானியங்கி முறையை நம்பாமல் நேரம் வைத்து ஓட்டுங்கள், இடுப்புப் பகுதி வெளியே தெரியும்படி உள்புறத்தைத் திருப்பிப் போட்டு.