நிச்சயதார்த்த மோதிரத்துக்குப் பெரிய வைரம் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

நீங்கள் கேட்டது இதுதான்: ஐப்பசியில் நிச்சயம். பெண்ணுக்கு ஒற்றைக் கல் மோதிரம் போட வேண்டும். ஒரு காரட்டுக்குக் குறையக் கூடாது, முடிந்தால் ஒன்றரை. நாலு கடை ஏறி இறங்கிவிட்டீர்கள். எல்லாக் கல்லும் ஒரே மாதிரி மின்னுகிறது, விலையில் மட்டும் லட்சக்கணக்கில் வித்தியாசம். ஏன்?

நான் நகைத் தொழிலில் இருப்பவன் இல்லை. 2019-ல் என் நிச்சயத்துக்கு இப்படி ஒரு கல் வாங்கி அசடு வழிந்தவன். ஏமாற்றிவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. சர்ட்டிபிகேட்டில் இருந்தது அத்தனையும் உண்மை. எனக்குத்தான் அதைப் படிக்கத் தெரியவில்லை.

அன்று கடையில் நான் சொன்னது ஒரே வார்த்தை: "ஒரு காரட் வேணும்." 1.02 காரட்டில் ஒரு வட்டக் கல்லை எடுத்து வைத்தார்கள். பட்ஜெட்டுக்குள் இருந்தது. நிறம், தெளிவு எல்லாம் நன்றாகவே எழுதியிருந்தது. நிச்சயத்தன்று தாம்பூலத் தட்டைப் பிடித்தபடி இரண்டு கைகள் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. ஒன்று எனக்கு நிச்சயித்த பெண்ணின் கை, இன்னொன்று என் சித்தி மகள் அக்காவின் கை. அக்கா போட்டிருந்தது 92 சென்ட் கல், அதாவது 0.92 காரட். அத்தை கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு அக்காவின் விரலைத் தொட்டு, "இதுதான் பெருசோ?" என்றார். சபையில் யாரும் பதில் சொல்லவில்லை. எனக்கும் அப்படித்தான் தெரிந்தது என்பதுதான் கொடுமை.

என் தாய்மாமா திருச்சிக்காரர். முப்பது வருஷம் செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டியவர். சாப்பாடு முடிந்ததும் இரண்டு மோதிரத்தையும் வாங்கி வைத்துக்கொண்டு, யாரிடமோ வெர்னியர் காலிப்பர் கேட்டு வாங்கி அளந்தார். என் 1.02 காரட் கல்லின் குறுக்களவு 6.2 மில்லிமீட்டர். அக்காவின் 92 சென்ட் 6.3. மோதிரத்தைத் திருப்பி, பக்கவாட்டில் காட்டினார். "மாப்ள, உன் கல்லுக்கு எல்லாம் வயித்துல இருக்கு. மூஞ்சிக்கு ஒண்ணும் மிச்சம் வைக்கல."

ஒரு காரட் என்பது 200 மில்லிகிராம், நூறு சென்ட். (தங்கத்தில் 22 காரட் என்பது தூய்மை. இது வேறு, எடை.) எடை ஒரு காரட்டைத் தொட்டதும் விலை படியேறுவதுபோல் ஏறும். ஒன்றரையிலும் இரண்டிலும் அதே மாதிரி படி உண்டு. அதனால் பட்டை தீட்டுகிறவர் இன்னும் தீட்டாத கரட்டுக் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போடுவார். அழகாக வெட்டினால் 92 சென்ட் வரும். கீழ்ப்பாதியைக் கொஞ்சம் ஆழமாக விட்டு, விளிம்பைத் தடிமனாக விட்டால் 1.02 வரும். எது அதிகக் காசு? நான் வாங்கியது அந்தக் கணக்கில் பிறந்த கல். என் சர்ட்டிபிகேட்டில் 'டெப்த்' என்ற இடத்தில், அதாவது குறுக்களவில் ஆழம் எத்தனை சதவீதம் என்ற இடத்தில், 66 என்று இருந்தது. நல்ல வட்டக் கல்லுக்கு அது ஏறக்குறைய 59-லிருந்து 62.5-க்குள் இருக்க வேண்டும். ஆழம் கூடினால் கல் மேலிருந்து பார்க்கச் சின்னதாகத் தெரியும். அது மட்டுமா, மேலே வந்து விழுந்த வெளிச்சம் திரும்பிக் கண்ணுக்கு வராமல் கீழ்ப் பக்கமாக ஒழுகிப் போய்விடும். நடுவில் ஒரு கிணறு மாதிரி இருட்டு.

அதனால் என் பதிலை ஒரு வரியில் கேட்டால், காரட்டைக் கேட்காதீர்கள், மில்லிமீட்டரைக் கேளுங்கள், பிறகு வெட்டை, அதாவது பட்டை தீட்டிய விதத்தைப் பாருங்கள். ஒழுங்காக வெட்டிய ஒரு காரட் வட்டக் கல் ஏறக்குறைய 6.5 மில்லிமீட்டர் இருக்கும். ஒன்றரை காரட் 7.4, இரண்டு காரட் 8.1 அல்லது 8.2. கவனித்தீர்களா? எடை இரட்டிப்பானாலும் அகலம் கால்வாசிதான் கூடுகிறது. விலையோ இரண்டு மடங்கோடு நிற்காது, ஏனென்றால் பெரிய கல்லுக்கு ஒரு காரட்டின் விலையே கூடுதல். 1.40 காரட்டுக்கும் 1.50 காரட்டுக்கும் அகலத்தில் இருக்கும் வித்தியாசம் மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. மாமியார் கண்ணுக்கே தெரியாது. பில்லில் நன்றாகத் தெரியும்.

வட்டக் கல்லாக இருந்தால் ஜிஐஏ என்னும் வைரத் தர ஆய்வகத்தின் சர்ட்டிபிகேட்டில் வெட்டுக்கென்றே ஒரு மதிப்பு போட்டிருப்பார்கள். அது 'எக்ஸலென்ட்' என்று இருக்கட்டும், அதில் மட்டும் இறங்கி வராதீர்கள். காசு போதவில்லையா, எடையில் குறையுங்கள். ஓவல், பேரிக்காய் வடிவக் கற்கள் அதே எடைக்கு விரலில் பெரிதாகத் தெரியும், காரட் விலையும் பெரும்பாலும் வட்டத்தைவிடக் குறைவு. ஆனால் அவற்றின் நடுவில் பட்டாம்பூச்சி இறக்கை விரித்த மாதிரி ஒரு கறுப்பு நிழல் விழும். கொஞ்சமாக இருந்தால் பரவாயில்லை. கல்லை அசைத்தும் அது நகராமல் நின்றால் வேண்டாம். இது காகிதத்தில் இருக்காது, கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

கண்ணால் பார்ப்பதில்தான் கடை விளக்கு விளையாடும். மேலே வரிசையாகச் சின்னச் சின்ன ஸ்பாட் லைட் வைத்திருப்பார்களே, அதன் கீழே உடைந்த சோடா பாட்டில்கூட வைரம்தான். கல்லை வாசல் பக்கம் எடுத்துக்கொண்டு போகக் கேளுங்கள், கூடவே ஓர் ஆள் வரட்டும். வெயிலில் வேண்டாம், நிழலில் பாருங்கள். அப்புறம் சாதாரண டியூப் லைட்டில். உள்ளங்கையைக் குடை மாதிரி மேலே பிடித்துப் பாருங்கள், நல்ல கல் அப்போதும் உயிரோடு இருக்கும். கொஞ்சம் சாய்த்துப் பார்க்கையில் நடு வழியாகக் கீழே இருக்கும் விரல் ரேகை தெரிந்தால், கல்லைத் தட்டையாக வெட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். என் கல்லின் நோய்க்கு நேர் எதிர் நோய் அது.

எங்கள் பக்கம் வைரத்தை வாங்குமுன் இரண்டு மூன்று நாள் வீட்டில் வைத்து, "ஒத்துக்குதா" என்று பார்க்கும் வழக்கம் உண்டு. எனக்கு தோஷத்தில் நம்பிக்கை இல்லை. ஆனால் வழக்கம் பிரமாதமானது! காலை வெளிச்சம், சமையலறை, மொட்டைமாடி என்று எல்லா இடத்திலும் கல்லைப் பார்த்துவிடலாம். பழகிய கடை தருமென்றால் தயங்காமல் கேளுங்கள்.

நிறத்துக்கும் தெளிவுக்கும் வருவோம். நம் கடைகளில் விளம்பரமே 'ஈஎஃப், விவிஎஸ்' என்றுதான் இருக்கும். ஈ, எஃப் என்பது நிறமே இல்லை என்னும் அளவுக்கு வெள்ளை. அதற்கடுத்த ஜி, ஹெச், ஐ, ஜே என்று எழுத்து தள்ளிப் போகப் போக மஞ்சள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். விவிஎஸ் என்பது பத்து மடங்கு பெரிதாக்கும் லூப்பில்கூட எளிதில் அகப்படாத குறை. மூக்குத்தி, தோட்டுக் கல் அளவில் இந்தத் தரத்துக்கு ஆகும் கூடுதல் காசு கையைக் கடிக்காது. ஒன்றரை காரட் ஒற்றைக் கல்லுக்கு அதே தரத்தைக் கேட்டால் கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்குப் பெரிய தொகை போகும். பிளாட்டினத்தில் கட்டுவதென்றால் ஜி, ஹெச் போதும். மஞ்சள் தங்கத்தில் என்றால் ஐ, ஜே கூடப் பழுதில்லை, தங்கத்தின் மஞ்சளே கல்லின் மஞ்சளை மறைத்துவிடும். ஆனால் கல் பெரிதாக ஆக நிறமும் குறையும் கூடுதலாகத் தெரியும் என்பது உண்மை. அதனால் தெளிவில் விஎஸ்2-க்கு (விவிஎஸ்ஸுக்கு அடுத்த விஎஸ் வகையின் கீழ்ப்படி) கீழே போவதானால் அந்தக் கல்லை நேரில் பார்க்காமல் போகாதீர்கள்.

குறை எங்கே இருக்கிறது என்பதுதான் விஷயம். ஓரத்தில் இருந்தால் கல்லைப் பிடிக்கும் கொக்கிக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். நடுமுகத்துக்குக் கீழே கறுப்பாக ஒரு புள்ளி இருந்தால் ஆயுசுக்கும் அங்கேயேதான் கண் போகும். மதுரை ரத்தினக் கடைத்தெருவைச் சொல்லுமிடத்தில் சிலப்பதிகாரம் வைரத்தின் குற்றங்களைக் காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்று பெயர் சொல்லி அடுக்குகிறது. காக்காய்க் கால் போலக் கீறல், கறை, புள்ளி, கோடு. இன்று சர்ட்டிபிகேட்டில் கல்லின் படம் போட்டுச் சிவப்பிலும் பச்சையிலும் குறிப்பது ஏறக்குறைய இதையேதான்.

வீட்டில் பெரியவர்கள் யாராவது "புளூ ஜாகர் கல்லா பார்த்து வாங்கு" என்று சொல்லியிருப்பார்கள். என் அப்பத்தாவின் ஏழு கல் தோடு அப்படிப்பட்டதுதான், வெயிலில் போனால் லேசாக நீலம் அடிக்கும். தென்னாப்பிரிக்காவில் யாகர்ஸ்ஃபோன்டைன் என்ற சுரங்கத்திலிருந்து வந்த பெயர் அது. சுரங்கம் 1970களின் தொடக்கத்திலேயே மூடியாயிற்று. இன்று புதுக் கல்லுக்கு அந்தப் பெயரைச் சொல்லி விலை ஏற்றினால் சிரித்துவிட்டு நகருங்கள். நீலம் அடிப்பதற்குக் காரணம், புற ஊதாக் கதிர் பட்டதும் சில கற்கள் ஒளிர்வது. சர்ட்டிபிகேட்டில் 'ஃப்ளூரசன்ஸ்' என்று ஒரு வரி இருக்கும். மிதமாக இருந்தால் ஐ, ஜே நிறக் கல்லைக் கொஞ்சம் வெள்ளையாகக் காட்டி நல்லதே செய்யக்கூடும். 'ஸ்ட்ராங்' என்று இருந்தால் வெளியே வைத்துப் பாருங்கள், சில கற்கள் பால் கலந்த மாதிரி மங்கிவிடும். மங்கவில்லை என்றால் அதே காரணத்தைச் சொல்லி விலை குறைக்கலாம்.

ஆய்வகத்தில் வளர்த்த வைரம் பற்றிக் கடைசியில் கேட்டிருந்தீர்கள். அது டூப்பு இல்லை. கார்பன்தான், வைரம்தான். என் மாமா பட்டை தீட்டியது அமெரிக்கன் டைமண்ட் என்று நாம் சொல்லும் கல், அது வேறு பொருள். இரண்டையும் ஒன்றாகப் பேசினால் அவருக்குக் கோபம் வந்துவிடும். 2023-ல் பிரதமர் மோடி அமெரிக்காவில் அன்றைய அதிபரின் மனைவி ஜில் பைடனுக்குக் கொடுத்தது 7.5 காரட் ஆய்வக வைரம். அளவுதான் முக்கியம், பின்னால் விற்கும் எண்ணமே இல்லை என்றால், இயற்கைக் கல்லின் விலையில் சிறு பங்குக்கு இரண்டு காரட் கிடைத்துவிடும். ஆனால் திரும்பக் கொடுத்தால் பெரிதாக ஒன்றும் வராது. புதுக் கல்லின் விலையே வருஷா வருஷம் இறங்கிக்கொண்டு வந்தது. 2018-ல் காரட் 800 டாலர் என்று ஆய்வக நகைக்கென்றே ஒரு பிராண்டைத் தொடங்கிய டி பியர்ஸ் என்னும் பெரிய வைர நிறுவனம், அந்தப் பிராண்டை மூடப்போவதாக 2025-ல் அறிவித்தது. நீங்கள் அதை வாங்கினால் பெண்ணிடமும் பெண் வீட்டிலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நிச்சயத்துக்குப் பிறகு வேறொருவர் வாயால் தெரிய வந்தால் பேச்சு கல்லோடு நிற்காது. இயற்கைக் கல் வாங்கினால் 'இயற்கை' என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள், கடைக்காரர் வைத்திருக்கும் பேனா டெஸ்டரால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது.

கட்டிய மோதிரமாக வாங்காமல் கல்லைத் தனியாகத் தேர்ந்தெடுத்துவிட்டுக் கட்டச் சொல்லுங்கள். கட்டிய பிறகு அடிப்பக்கம், ஓரம் எதுவும் சரியாகத் தெரியாது. ஜிஐஏ தரம் போடுவதும் தனிக் கல்லுக்குத்தான். பெரும்பாலும் கல்லின் விளிம்பில் லேசரில் எண் பொறித்திருப்பார்கள். லூப்பை வாங்கி அதைப் படித்துப் பார்த்து, ஆய்வகத்தின் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். ஐந்து நிமிஷ வேலை, நான் செய்யவில்லை.

பெரிய கல்லுக்கு 22 காரட் தங்கம் வேண்டாம், மெத்தென்று இருக்கும், கொக்கி வளைந்து கல் கழன்றுவிடும். வீட்டில் முகம் சுளித்தாலும் 18 காரட் அல்லது பிளாட்டினம். நாலு கொக்கியைவிட ஆறு நல்லது, ஒன்று போனாலும் கல் நிற்கும். வருஷத்துக்கு ஒரு தடவை கொக்கியைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். விரல் அளவைச் சாயந்திரம் எடுங்கள், காலையில் குளிரில் விரல் சுருங்கியிருக்கும். அதே சமயம் தொளதொள என்றும் விட்டுவிடாதீர்கள், தலைக்கனமான மோதிரம் உள்ளங்கைப் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

வைரத்துக்கு எண்ணெய் என்றால் உயிர். சுரங்கங்களில் கிரீஸ் தடவிய பலகை மேல் தண்ணீரோடு கல்லை ஓடவிட்டு, ஒட்டிக்கொள்வதை வைரம் என்று பிரித்தெடுப்பார்களாம். தோசை வார்க்கும் கையில் கிடந்தால் ஒரே வாரத்தில் மங்கிவிடும். பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் பழைய மென்மையான டூத் பிரஷ்ஷும் போதும்.

என் கல் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மாமா ஒரு யோசனை சொன்னார். சூரத்துக்கு அனுப்பி மறுபடி வெட்டலாம், நன்றாக மின்னும், ஆனால் 90 சென்ட்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும் என்றார். அவளிடம் கேட்டேன். "ஒரு காரட்னு சொல்லித்தானே போட்டீங்க? அது அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். இப்போது விசேஷ வீடுகளில் அக்கா பக்கத்தில் உட்கார நேர்ந்தால் மட்டும் மோதிரத்தை இடது கைக்கு மாற்றிக்கொள்கிறாள்.