கையெழுத்துப் போட்டவர்களும் போடாதவர்களும்

அன்புள்ள ஐயா,

நான் ஜெர்மனியில் டெட்மோல்ட் பக்கம் ஒரு சின்ன ஊரில் வேலை பார்க்கிறேன். எங்கள் தெருவில் பாதிக் குடும்பங்கள் சோவியத் நாட்டிலிருந்து வந்த ஜெர்மானியர்கள். பாப்டிஸ்ட்கள், வளர்ந்தபின் தண்ணீரில் முழுகி ஞானஸ்நானம் பெறும் கிறிஸ்தவர்கள். வீட்டில் டிவி கிடையாது, பெண்கள் தலையில் துணி கட்டிக்கொள்கிறார்கள், வீட்டுக்கு ஏழெட்டுப் பிள்ளைகள். பக்கத்து வீட்டுத் தாத்தா கஜகஸ்தானின் கரகண்டாவில் பிறந்தவர். மனைவியோடு அவர் பேசும் பாஷை இங்குள்ள ஜெர்மானியருக்கே புரிவதில்லை. ஊரார் அவரை 'ரஷ்யர்' என்கிறார்கள், அவருக்குக் கோபம் வருகிறது. இவர்கள் உண்மையில் யார்? பாப்டிஸ்ட் மதம் ஜெர்மனியிலிருந்து ரஷ்யாவுக்குப் போன சரக்குதானா?

சோவியத் காலத்தில் அரசாங்கத்திடம் பதிவு செய்துகொண்ட சபைக்காரர்கள் எல்லாம் காட்டிக்கொடுத்த யூதாஸ்கள் என்றார் தாத்தா. அவருடைய அண்ணன் பதிவை மறுத்துச் சிறைக்குப் போனவராம். கேட்டபோது புல்லரித்தது. நாமெல்லாம் வளைந்து கொடுத்தே பழகிவிட்டோம், அப்படி ஒரு உறுதி நமக்கு ஏன் இல்லை? ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கூப்பிடுகிறார். எங்களுடையது சைவக் குடும்பம். போகலாமா?

எம்.

அன்புள்ள எம்,

உங்கள் கடிதம் வந்த வாரம் நான் அந்த 'யூதாஸ்' விஷயத்தைத்தான் வேறு ஒரு காரணத்துக்காக மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். அதனால்தான் உடனே பதில். இல்லாவிட்டால் இதுவும் மற்றக் கடிதங்களோடு கிடந்திருக்கும்.

டிவி, தலைத்துணி, பிள்ளைகள் எண்ணிக்கை எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். எந்த ஊருக்குப் போனாலும் அடுத்த வீட்டுக் கொடியில் என்ன காய்கிறது என்று பார்ப்பது நம் பழக்கம்.

தாத்தாவின் பாஷை அநேகமாக மென்னோனைட்களின் வட ஜெர்மன் பேச்சு, பிளவ்ட்டீச் என்பார்கள். மென்னோனைட் என்பது ஆயுதம் எடுக்க மறுக்கும் ஒரு பழைய கிறிஸ்தவப் பிரிவு. அவர்களுடைய முன்னோர் 16-ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்துப் பக்கமிருந்து விஸ்துலா ஆற்றுக் கழிமுகத்துக்குப் போனவர்கள். அங்கிருந்து 1789-இல் உக்ரைனின் ஹோர்த்தித்ஸாவுக்கு, 1804-இல் மொலோச்னாவுக்கு. அந்நியர்கள் வந்து குடியேறலாம் என்று கேத்தரின் அரசி 1763-இல் அறிக்கை விட்டிருந்தாள். நிலம் உண்டு, வரிச் சலுகை உண்டு, ராணுவத்தில் சேர வேண்டாம், அவரவர் சாமியைக் கும்பிடலாம். அரசுத் திருச்சபையான ஆர்த்தடாக்ஸைச் சேர்ந்த குடிமக்களை மட்டும் மதம் மாற்றக் கூடாது. ஆகவே அவர் ரஷ்யரா ஜெர்மானியரா என்று கேட்டால், போன இடமெல்லாம் வேறு யாரோ என்று சொல்லப்பட்டவர், அவ்வளவுதான். அவரிடமே கேளுங்கள், என்னைவிட நன்றாகச் சொல்வார்.

'சரக்கு' என்று எழுதியிருக்கிறீர்கள். இதே பேச்சைத்தான் பொபெதோனோஸ்த்ஸெவும் பேசினார், 1880 முதல் 1905 வரை ரஷ்யத் திருச்சபையின் மேல் அரசு வைத்திருந்த அதிகாரி. ரஷ்யன் என்றால் ஆர்த்தடாக்ஸ், மற்றதெல்லாம் ஜெர்மன் விஷம் என்பது அவர் கட்சி. நடந்தது வேறு. 1861-இல் பண்ணையடிமை முறை ஒழிந்ததும் தெற்கு உக்ரைன் விவசாயிகள் ஜெர்மன் குடியேற்றங்களுக்கு அறுவடைக் கூலிக்குப் போனார்கள். ஒதெஸ்ஸாவுக்குப் பக்கத்தில் ரோர்பாக் என்ற ஊரில் வேலை முடிந்தபின் பைபிள் படிக்கும் கூட்டம் நடக்கும். கூலிக்காரர்களும் போய் உட்கார்ந்தார்கள். 1862-இல் புதிய ஏற்பாடு, பேசுகிற ரஷ்ய மொழியிலேயே அச்சாகிக் கையில் வந்துவிட்டது. கோயிலில் அதுவரை கேட்டது பழைய ஸ்லாவோனிக். இனி பாதிரியார் எதற்கு என்ற கேள்வி தானாக வந்தது. 1869-இல் இங்குல் ஆற்றில் ஆப்ரஹாம் உங்கர் என்ற மென்னோனைட் மூப்பர் ஜெர்மானியர்களுக்கு முழுக்கு ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டிருந்தபோது, எஃபிம் த்ஸிம்பால் என்ற உக்ரைனிய விவசாயியும் வரிசையில் நின்று முழுகி எழுந்துவிட்டார். அவர் ரியபோஷாப்கா என்ற இன்னொரு உக்ரைனியரை முழுக்கினார், ரியபோஷாப்கா ரதூஷ்னி என்பவரை முழுக்கினார். அப்புறம் யார் தடுக்க?

அதற்கும் முன்னால், 1867-இல், திபிலிசியில் நிகிதா வரோனின் என்ற வியாபாரி குரா ஆற்றில் ஞானஸ்நானம் பெற்றார். ரஷ்ய பாப்டிஸ்ட்கள் தங்கள் வரலாற்றை அங்கிருந்துதான் எண்ணுகிறார்கள். கொடுத்தவர் மார்ட்டின் கால்வைட், லித்துவேனியாவிலிருந்து வந்த ஜெர்மானியர். பெற்றவரோ மொலோக்கன் என்ற ரஷ்யக் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். விக்கிரகம் வேண்டாம், பூசாரி வேண்டாம் என்று மொலோக்கன்கள் அதற்கு நூறு வருடம் முன்பே சொல்லிவிட்டார்கள், எந்த ஜெர்மானியனும் சொல்லிக்கொடுக்காமல். ஜெர்மனி கொடுத்தது ஒழுங்கை. 1834-இல் எல்பே ஆற்றில் ராத்திரியோடு ராத்திரியாக முழுகி ஜெர்மன் பாப்டிஸ்ட் சபையைத் தொடங்கிய ஓங்க்கன், ஹாம்பர்க்கில் ஆட்களைப் பயிற்றுவித்தார். 1875-இல் வசீலி பாவ்லோவ் திபிலிசியிலிருந்து அங்கே போய்ப் படித்துத் திரும்பினார். (அதே ஹாம்பர்க்கில் படித்த ஃப்ரீசன் என்ற ரஷ்ய மென்னோனைட் 1890 வாக்கில் நம் நல்கொண்டாவுக்கு வந்து தெலுங்கர்களிடையே ஊழியம் செய்தார். அது தனிக்கதை.) பாவ்லோவை இரண்டு முறை ஓரென்புர்குக்கு நாடு கடத்தினார்கள். 1892-இல் அங்கே காலரா வந்து மனைவியையும் பிள்ளைகளையும் கொண்டுபோனது. சரக்கு இறக்கியவர் கட்டிய சுங்கம் அது.

இதில் சட்டத்தின் வேடிக்கை ஒன்று உண்டு. 1879-இல் பாப்டிஸ்ட்களுக்கு ரஷ்யாவில் அங்கீகாரம் கிடைத்தது. நடைமுறையில் அது ஜெர்மானியருக்குத்தான். 1905 வரை ஆர்த்தடாக்ஸாகப் பிறந்தவன் வெளியேறச் சட்டத்தில் இடமில்லை. ஒரே பாட்டை ஒரே கூரையின் கீழ் இரண்டு பேர் பாடினால், ஜெர்மானியன் வீட்டுக்குப் போவான், உக்ரைனியன் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவான். 1894-இல் இந்தக் கூட்டங்களை மிக ஆபத்தானவை என்று அறிவித்துத் தடையே போட்டார்கள்.

1914-இல் போர் வந்ததும் 'ஜெர்மன் மதம்' என்று மறுபடி அடி. 1929-இல் சபைகளை ஒடுக்கிய ஸ்டாலினின் சட்டம். ஸ்டாலின் ஆட்களைக் கூட்டம் கூட்டமாகச் சுட்ட 1937 பற்றிச் சொல்லவே வேண்டாம். 1941 ஆகஸ்ட் 28-இல் வோல்கா ஜெர்மானியர்களை மொத்தமாகக் கிளப்ப ஆணை. மற்ற ஜெர்மானியர்களையும் அடுத்தடுத்து சைபீரியாவுக்கும் கஜகஸ்தானுக்கும் ஏற்றினார்கள். ஆண்கள் கட்டாய வேலைப்படைக்குப் போய்ச் செத்தார்கள். மண்ணைத் தோண்டி மேலே கூரை போட்ட குழி வீடுகளில் பெண்கள்தான் ஜெபக்கூட்டம் நடத்தினார்கள். பாட்டுப் புத்தகம் கிடையாது, நினைவிலிருந்து நோட்டில் எழுதிக்கொண்டார்கள். குறித்த இடத்தை விட்டு ஓடினால் இருபது வருடக் கடுங்காவல் என்று 1948-இல் ஆணை போட்டார்கள். உங்கள் தாத்தா பிறந்த கரகண்டா இதுதான். போர் முடிந்தபின் அந்த ஜெர்மானியர் பலர் ரஷ்ய பாப்டிஸ்ட்களோடு சேர்ந்து உட்கார்ந்தார்கள். மதம் யாருடையது என்ற கேள்வி அங்கே யாருக்கும் எழுந்திருக்காது.

சரி, யூதாஸ்களுக்கு வருகிறேன்.

1944-இல் ஸ்டாலின் அனுமதியோடு சுவிசேஷக் கிறிஸ்தவர்கள் என்ற நெருங்கிய பிரிவினரும் பாப்டிஸ்ட்களும் ஒரே சங்கமானார்கள். தலைவர் யாக்கவ் ழீத்கோவ், பொதுச்செயலாளர் அலெக்ஸாண்டர் காரெவ். இருவருமே 30-களில் கைதாகி தண்டனை அனுபவித்தவர்கள் என்பதைத் தாத்தா உங்களிடம் சொன்னாரா? குருஷ்சேவ் காலத்தில் மதத்துக்கு எதிராக மறுபடி இயக்கம் தொடங்கியது. 1960-இல் அரசின் நெருக்கடியில் சங்கம் தன் மூப்பர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. ஆராதனைக்குக் குழந்தைகளைக் கூட்டி வரக் கூடாது, இளைஞர்களுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதைக் குறைக்க வேண்டும், ஊழிய உற்சாகத்தை அடக்க வேண்டும். மோசமான அறிக்கைதான். நான் அதற்கு வக்காலத்து வாங்கவில்லை. 1961-இல் க்ர்யுச்கோவ், ப்ரகோஃபியெவ் என்ற இரண்டு ஊழியர்கள் எதிர்த்து எழுந்தார்கள், சபை இரண்டாகப் பிளந்தது. அவர்கள் பக்கம் போனவர்கள் இந்தச் சங்கத்தையும் அரசுப் பதிவையும் மறுத்தார்கள்.

மறுத்தவர்கள் பட்ட பாடு பெரியது. அல்தாய் பக்கம் குலுந்தாவில் நிகலாய் ஹ்மாரா என்பவர் சிறைக்குப் போய்ச் சில வாரங்களிலேயே, 1964 ஜனவரியில், சித்திரவதைக் காயங்களோடு பிணமாக வந்தார். அந்த வருடமே கைதிகளின் உறவினர்கள் சேர்ந்து ஒரு குழு அமைத்தார்கள், அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் லீதியா வின்ஸ். புருஷனை ஸ்டாலின் காலத்து அடக்குமுறையில் பறிகொடுத்தவர். மகன் கியோர்கியைச் சிறைக்கு அனுப்பினார், பிறகு அறுபது வயதுக்கு மேல் தானும் போனார். யார் எந்தச் சிறையில், வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று பட்டியல் எழுதி எழுதி உலகத்துக்கு அனுப்பினார்கள் அந்தப் பெண்கள். 1966 மே மாதம் சுமார் 500 பேர் மாஸ்கோவில் கட்சி மத்தியக் குழு அலுவலக வாசலில் போய் நின்றார்கள், அந்தக் காலத்தில்! தாத்தாவின் அண்ணனை நான் கும்பிடுகிறேன். அதில் சந்தேகம் வேண்டாம்.

உங்கள் புல்லரிப்போடுதான் எனக்குச் சண்டை.

எங்கள் ஊர்ப் பஞ்சாலையில் நான் பையனாக இருந்தபோது நீண்ட வேலைநிறுத்தம் ஒன்று நடந்தது. அதன் ஐம்பதாம் ஆண்டுக்கு ஒரு மலர் போடுகிறோம், கட்டுரை வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அதைத்தான் உருட்டிக்கொண்டிருந்தேன். என் பெரியப்பா அந்த மில்லில் நூற்புப் பிரிவில் இருந்தார். நாலு பெண் பிள்ளைகள். மூன்றாவது மாதம் நிர்வாகம் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். மறுநாள் காலை வீட்டுச் சுவரில் தாரால் 'கருங்காலி' என்று எழுதியிருந்தது. பெரியம்மா சுண்ணாம்பு அடித்தாள். மழை பெய்தால் எழுத்து மறுபடி தெரியும். சம்பளம் வந்ததும் பெரியப்பா மஞ்சள் பையில் அரிசி கட்டி, இருட்டியபின் என்னிடம் கொடுத்து, உள்ளே போகாத இரண்டு பேர் வீட்டுக்கு அனுப்புவார். யார் கொடுத்தது என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மேடையில் கருங்காலிகளைக் கிழித்த பேச்சாளர் அன்றைக்கே சென்னைக்கு ரயிலேறிவிட்டார். மலரில் அவருக்கு ஒரு முழுப்பக்கம் உண்டு என்று சொன்னார்கள்.

பெரியப்பா செய்தது சரி என்று சொல்ல வரவில்லை. ஆனால் அவரைத் திட்டும் உரிமை உள்ளே போகாதவர்களுக்கு இருந்தது. தாத்தாவின் அண்ணனுக்கு ழீத்கோவைத் திட்டும் உரிமை இருந்தது. தாத்தாவுக்கும் இருக்கலாம். ஏ.சி. அறையில் உட்கார்ந்து புல்லரித்துக்கொள்ளும் உங்களுக்கும் எனக்கும் கிடையாது. அடுத்தவன் ரத்தசாட்சியாக வேண்டும் என்று ஆசைப்படுவது ஒரு நோய், அது நம் ஊரில் நிறையவே இருக்கிறது.

கணக்கை முழுதாகப் பாருங்கள். கையெழுத்துப் போட்டவர்கள் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். மாஸ்கோவில் ஒரு காலத்தில் ஜெர்மன் சீர்திருத்த சபையினரிடம் இருந்த கட்டடம்தான் பாப்டிஸ்ட்களுக்கு மிஞ்சியது. அங்கே நிற்க இடமில்லாமல் கூட்டம் நெரியும். 1957-இல் 10,000 பைபிள் அச்சடிக்க அனுமதி வாங்கினார்கள். லட்சக்கணக்கான விசுவாசிகளுக்குப் பத்தாயிரம், பிச்சைதான். வாங்கியவர்கள் அவர்கள். மறுத்தவர்கள் போட்ட சத்தத்தால்தான் 1963-இல் மாநாடு கூட்டவே அரசு விட்டது, அதில் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தார்கள். வெளியே ஒருவன் கத்தினால்தான் உள்ளே இருப்பவன் பேச முடிந்தது. க்ர்யுச்கோவ் இல்லாமல் 1963 இல்லை. ழீத்கோவ் இல்லாமல், சிறைக்குப் போக முடியாத ஒரு விதவை ஞாயிற்றுக்கிழமை போய் அழ ஓர் இடம் இல்லை.

அப்படியானால் எல்லா சமரசமும் ஒன்றுதானே என்று மடக்குவீர்கள். ஒன்றில்லை. 1934 ஆகஸ்டில் உலக பாப்டிஸ்ட்கள் பெர்லினில் மாநாடு கூடினார்கள். இனவெறியைக் கண்டித்துத் தீர்மானமும் போட்டார்கள். ஜெர்மன் பாப்டிஸ்ட் தலைவர்களோ, எங்களுக்குப் பிரசங்கம் செய்ய முழுச் சுதந்திரம் இருக்கிறது என்று விருந்தாளிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். யாரும் அவர்கள் பிள்ளைகளை ஆராதனையிலிருந்து வெளியே தள்ளவில்லை. யூதர்களை இழுத்துப்போனபோது சபையாக வாய் திறக்கவில்லை. அதற்கு மன்னிப்புக் கேட்டு அவர்கள் அறிக்கை விட்டது 1984-இல். கழுத்தில் கை இருக்கும்போது போட்ட கையெழுத்தும், சௌகரியம் கெட்டுவிடக் கூடாதே என்று காத்த மௌனமும் எனக்கு ஒன்றாகத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் இன்னொரு கடிதம் எழுதுங்கள்.

இன்னொன்று சொல்லியாக வேண்டும். எழுபதுகளில் எங்கள் ஊருக்குப் புத்தக வேன் வரும். மாஸ்கோவில் அச்சடித்த தமிழ்ப் புத்தகங்கள், கெட்டி அட்டை, காசு கொஞ்சம்தான். 'சோவியத் நாடு' பத்திரிகையின் வழவழத் தாளில்தான் பாடப் புத்தகங்களுக்கு அட்டை போட்டோம். கோவில்பட்டிப் பையனுக்கு அவ்வளவு நல்ல தாளில் அச்சடித்து அனுப்பிய அதே அரசின் குடிமக்கள், அதே வருடங்களில், ஒரு சுவிசேஷப் புத்தகத்துக்காக அச்சு இயந்திரத்தைத் தாங்களே செய்துகொண்டிருந்தார்கள். பதிவு மறுத்த பாப்டிஸ்ட்களின் ரகசிய அச்சகம் 'கிறிஸ்தியானின்'. கிடைத்த பழைய இரும்பையெல்லாம் வைத்துக் கட்டிய இயந்திரம், பிரித்து ஊர் மாற்றக்கூடியது. மொத்தமாகக் காகிதம் வாங்கினால் சந்தேகம் வரும் என்று விசுவாசிகள் கடை கடையாகக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிச் சேர்த்தார்கள். 1974 அக்டோபரில் லாட்வியாவில் ஒரு பண்ணை வீட்டில் போலீஸ் பிடித்தபோது டன் கணக்கில் காகிதம் இருந்தது. அந்தத் தாள்களில் சில, பதிவு செய்த சபையின் பெஞ்சுகளுக்கும் போயிருக்கும் என்றே நினைக்கிறேன். படிக்கிறவன் முத்திரை பார்த்தா வாங்குவான்?

ஆராதனைக்குப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போங்கள், சைவம் ஒன்றும் கரைந்துவிடாது. நீண்ட நேரம் உட்கார வேண்டியிருக்கும், நாலு குரலில் பாடுவார்கள், கேளுங்கள். முடிந்ததும் தாத்தாவிடம் அண்ணனைப் பற்றி விசாரிக்காதீர்கள், அதை அவரே பல தடவை சொல்லியிருப்பார். அண்ணன் சிறையில் இருந்த வருடங்களில் அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் எந்தச் சபைக்குப் போனாள் என்று கேளுங்கள். கரகண்டாவில் பதிவு செய்த சபையும் இருந்தது. அவர் சொல்கிற பதிலை எனக்கு எழுதுங்கள், மலருக்கான கட்டுரையை அதுவரை நிறுத்தி வைக்கிறேன்.